‘நான் அழலாமா, சிஸ்டர்?’

நேயர்களுக்கு வணக்கம். காசிமேட்டில் ஒரு பெண்ணுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டது. மீன்பிடித் தடைக்காலம், புருஷனுக்கு வருமானமில்லை, குழுக்கடன் வேறு. “ராத்திரியெல்லாம் கவலைப்பட்டுக்கிட்டே கிடந்தா, அதான் தங்கல” என்று அவள் காதுபடவே மாமியார் சொன்னார். இந்தப் பக்கத்தில் பல வருடம் நர்ஸாக இருந்த நான், இந்தப் பேச்சை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

ஆரம்ப மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம், அதாவது உயிரணுவில் மரபுக்குறிப்பைத் தாங்கும் இழை, அதில் வரும் கோளாறு. அது பெரும்பாலும் கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுவது. தாயின் கவலை அதைச் செய்வதில்லை.

சரி, மன அழுத்தம் ஒன்றுமே செய்யாதா? செய்யும். கவலையில் கார்ட்டிசால் என்ற சுரப்பு கூடுகிறது. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி அதில் பெரும்பகுதியை முறித்துவிட்டுத்தான் பிள்ளையிடம் விடுகிறது. துயரம் கடுமையாக நீண்டால் அந்தக் காவல் தளரக்கூடும். 2005-இல் சிலி நாட்டின் வடக்கே பெரிய நிலநடுக்கம் வந்தது. அப்போது முதல் மூன்று மாதத்தில் இருந்த தாய்மார்களின் குழந்தைகள் சராசரியாக 50 கிராம் போல எடை குறைந்து பிறந்தன. குறைமாதப் பிரசவமும் கூடியது. பூமியே ஆடியும் எடையில் வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு நாள் அழுகையோ ஒரு சண்டையோ பிள்ளையைக் கெடுத்துவிடாது, தாயே.

மாதக்கணக்கில் அழுத்தும் துயரம் வேறு. தூக்கம் போகும், சாப்பாடு இறங்காது, சத்து மாத்திரை மறந்துபோகும், செக்கப் தள்ளிப்போகும். அடிக்கிற கணவன் என்றால் கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீட்டுக்குள் நின்றது. அந்த வீட்டில் மாசமாக இருக்கிறவளிடம் “டென்ஷன் ஆகாதே” என்பதில் என்ன பயன்? காய்ந்த இடம், சுடுசோறு, ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ஆட்டோ, இவைதான் அவளுக்கு மருந்து.

எனக்கு இன்னொரு பயமும் உண்டு. தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்றால் “டென்ஷன்தான், படுத்துக்கோ” என்று விட்டுவிடாதீர்கள். கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தாலும் விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி, வண்டி இல்லையென்றால் 108. மனசு எதிலும் ஒட்டாமல் இரண்டு வாரம் போனால் மனநல உதவி எண் 14416-ஐக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அந்தக் காசிமேட்டுப் பெண் மறுபடி மாசமாகி வந்தபோது முதலில் கேட்டது, “நான் அழலாமா, சிஸ்டர்?” தாராளமா அழும்மா என்றேன். அப்புறம் வெளியே நின்ற மாமியாரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இப்போது உங்களிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன்.