ஏப்பம் வந்துவிட்டது! நாலு பவுண்டு ஸ்லேடு ரெக்கார்டும் ஒரு பல்குத்தும் குச்சியும்

வணக்கம் மக்களே. முதலில் இதைக் கேளுங்கள், பேச்சு அப்புறம்.

கேட்டதா? இன்னொரு தடவை ஊசியை வைக்கிறேன், ஹெட்போன் இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள்... அதேதான். அந்த ஏப்பம். 1971 அக்டோபர், லண்டன் பிக்காடிலியில் ஒரு சின்ன அரங்கு. ஸ்லேடு என்கிற பிரிட்டிஷ் ராக் குழுவின் பாடகர் நாடி ஹோல்டர் உருகி உருகி ஒரு காதல் பாட்டுப் பாடுகிறார், கூட்டம் அப்படியே அடங்கிப் போயிருக்கிறது, அந்த அமைதியில் மைக்குக்கு நேராக ஒரு ஏப்பம் விடுகிறார். அதை வெட்டாமல் அப்படியே ரெக்கார்டில் விட்டார்கள். மூன்று நாளாக இதற்காகத்தான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை நான் எங்கே இருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். கார் பூட் சேல், ஆட்கள் காரில் கொண்டுவந்து பழைய பொருள் விற்கிற சந்தை. இந்தத் தடவை வுல்வர்ஹாம்டன் பக்கம். ஒரு வயதான அம்மா, பழைய பீங்கான் தட்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் நாலைந்து எல்பி. அதில் ஒன்று அந்த ஏப்பம் இருக்கிற 'ஸ்லேடு அலைவ்!'. சிவப்பும் கறுப்புமாக அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஐந்து பவுண்டு என்றார். நாலு என்றேன். சரி, எடுத்துக்கொள் தம்பி என்கிற மாதிரி தலையை ஆட்டினார். இதே ரெக்கார்டுக்கு நகரத்துக் கடை ஒன்றில் போன மாதம் பதினெட்டு பவுண்டு ஒட்டியிருந்தார்கள், அதுவும் அட்டை ஓரம் கிழிந்தது. நாலு பவுண்டு மக்களே! இங்கே ஒரு காபியும் பன்னும் வாங்கினால் அதைவிட அதிகம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து போட்டால் முதல் இரண்டு பாட்டும் அருமை. மூன்றாவது பாட்டில் அந்த அமைதியான இடம் வருகிறது, நான் காத்துக்கொண்டிருக்கிறேன், டக். ஊசி பின்னால் குதித்து அதே வரியைத் திரும்பப் பாடுகிறது. மறுபடி டக். கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி என்று ஊரில் திட்டுவார்களே, அதை நேரில் பார்த்தேன். சரியாக ஏப்பத்துக்கு ஒரு மூச்சு முன்னால். வேறு எந்த இடத்தில் குதித்திருந்தாலும் விட்டிருப்பேன்.

இதற்கு நடுவில் திங்கட்கிழமை இன்னொரு கடுப்பு. நவம்பர் இரண்டாம் வாரம்கூடத் தாண்டவில்லை, பால் வாங்கப் போன இடத்தில் ஸ்லேடின் கிறிஸ்துமஸ் பாட்டு ஓடுகிறது. கூட வந்த நண்பன், என்னோடு வேலை பார்க்கிறவன், 'ஓ, அந்த ஒரு பாட்டு ஆட்கள்தானே நீ வாங்கின ரெக்கார்டு' என்றான். அந்த ஒரு பாட்டு ஆட்கள்! ரொட்டி அடுக்கு பக்கத்திலேயே நின்று அவனுக்குப் பாடம் எடுத்தேன். அதைத்தான் இன்று உங்களுக்கும் எடுக்கப் போகிறேன்.

1971 கடைசியிலிருந்து 1973 கடைசிக்குள் பிரிட்டன் பட்டியலில் ஆறு முதலிடம். ஆறு! அதில் மூன்று பாட்டு வெளிவந்த வாரமே நேராக முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. ஒரே ஆண்டில், 1973இல். அப்படி மூன்று தடவை செய்த முதல் ஆட்கள் இவர்கள்தான். ஒரு பாட்டாம்.

நாலு பேர். நாடி ஹோல்டர் குரல், ஜிம் லீ பேஸ், டேவ் ஹில் கிதார், டான் பவல் டிரம்ஸ். இந்த வுல்வர்ஹாம்டன், வால்சால் பக்கத்துப் பையன்கள். என் வீட்டிலிருந்து ரயில் ஏறினால் அரை மணிக்குள் போய்விடலாம். லண்டன் ஆட்கள் இல்லை, கலைக்கல்லூரிப் படிப்பு இல்லை. இரும்பும் நிலக்கரியும் புழங்கிய ஊர். 1966இல் சேர்ந்தவர்கள், 1971 வரை ஒரு ஹிட் கிடையாது. அதுவரை ஊர் ஊராக வாசித்தார்கள், அவ்வளவுதான். நடுவில் சாஸ் சேண்ட்லர் மேனேஜராக வந்தார். அனிமல்ஸ் குழுவில் பேஸ் வாசித்தவர், கிதார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸை இங்கிலாந்துக்குக் கூட்டி வந்தவர். அவர் காலத்தில் முதலில் மொட்டையடித்து, கனத்த பூட்ஸ் மாட்டி, ஸ்கின்ஹெட் வேஷம் போட்டுப் பார்த்தார்கள். முரட்டுப் பயல்கள் என்ற பெயர்தான் மிஞ்சியது, பாட்டு விற்கவில்லை. முடியை வளர விட்டார்கள். மினுமினுப்பும் பகட்டு உடையுமாக மேடையேறுகிற கிளாம் ராக் வந்தது.

போன மாதம் டி ரெக்ஸ் குழு பற்றிய வீடியோவில் அதன் பாடகர் மார்க் போலன் பற்றிச் சொன்னேன், கன்னத்தில் மினுமினுப்புப் பூசி டிவியில் வந்தவர். போலன் அழகு. இவர்கள் அழகில்லை, கொண்டாட்டம். டேவ் ஹில் நெற்றியில் குட்டை முடி, பல் தெரியச் சிரிப்பு, காலில் அடுக்குமாடி மாதிரி பூட்ஸ். ஒரு உடை கன்னியாஸ்திரி அங்கி மாதிரியே இருக்கும், முழுக்கப் பளபளவென்று. நாடிக்குச் சுற்றிலும் கண்ணாடி ஒட்டிய உயரத் தொப்பி. விளக்கு பட்டால் அரங்கம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளி தெறிக்கும். ஜிம் லீக்கு இந்த வேஷமெல்லாம் பிடிக்காது. டேவ் அவருக்குச் சொன்ன பதில், நீங்கள் பாட்டு எழுதுங்கள், விற்கிற வேலையை நான் பார்க்கிறேன் என்பது. எனக்கு டேவ் கட்சி.

எழுத்துப்பிழை விஷயத்தையும் சொல்ல வேண்டும். பாட்டுத் தலைப்புகளைத் தங்கள் ஊர் நாக்கில் எப்படி வருமோ அப்படியே எழுதினார்கள். 'காஸ் ஐ லவ் யூ' என்பதில் முதல் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஏழு எழுத்து வேண்டும், இவர்கள் மூன்றோடு முடித்தார்கள். நாம் வந்துவிட்டேன் என்று எழுத வேண்டிய இடத்தில் வந்துட்டேன் என்று அட்டையிலேயே அச்சடித்தால் எப்படி இருக்கும், அது. பள்ளிக்கூட வாத்தியார்கள் கொதித்தார்கள். எனக்கு அது அவ்வளவு பிடிக்கும். தன் பேச்சை மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று பட்டியலின் உச்சியிலிருந்து சொல்வது அது.

சரி, ரெக்கார்டு. செவ்வாய் இரவு முதலில் பஞ்சுத்துணியால் துடைத்தேன், பயனில்லை. அப்புறம் காய்ச்சி வடித்த நீரில் ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற திரவம், மெத்தென்ற துணி, கோடு ஓடுகிற திசையிலேயே வட்டமாக. காய வைத்துப் போட்டேன். டக். புதன்கிழமை, ஊசிக்கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தட்டும் என்று எடையைத் திருகி ஏற்றினேன். டக். அப்படி ஏற்றுவதை நான் உங்களுக்குப் பரிந்துரைக்கவே மாட்டேன், ரெக்கார்டு தேயும், உடனே பழையபடி குறைத்துவிட்டேன். படுத்தால் தூக்கம் வரவில்லை.

மூன்று நாள் டான் பவல் நினைப்புதான். 1973 ஜூலை முதல் தேதி லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட்டில் பிரம்மாண்டமான கச்சேரி. அவர்கள் பாட்டு அந்த வாரம் முதலிடத்தில். மூன்றே நாள் கழித்து வுல்வர்ஹாம்டனில் டானின் கார் மோதுகிறது. அவர் மணக்க இருந்த பெண் அந்த விபத்தில் இறந்துபோனார். டான் பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். எழுந்தபோது மணமும் ருசியும் போயிருந்தன. புது விஷயம் எதுவும் மனதில் தங்கவில்லை. இத்தனை வருடம் வாசித்த பாட்டே எப்படி ஆரம்பிக்கும் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் அவர் டிரம்ஸில் உட்கார்ந்தார், குழு முடிகிற வரை. நாட்குறிப்பு எழுதி எழுதி ஓட்டினார்.

அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிந்தது இந்த விபத்து நடந்து சில வாரத்துக்குள் என்று என் நண்பனுக்குத் தெரியாது. நியூயார்க்கில், ரெக்கார்டு பிளாண்ட் ஸ்டுடியோவில், கோடை வெயிலில். டான் கைத்தடியோடு நடக்கிறார். கூட்டம் சேர்ந்து பாடுவது போல எதிரொலி வேண்டும் என்று கட்டடத்தின் வராந்தாவில் போய் நின்று பாடியிருக்கிறார்கள். வேலைக்கு வந்த அமெரிக்கர்கள் கோட்டும் சூட்டுமாக இவர்களைக் கடந்து போயிருப்பார்கள், வெளியே வெயில், உள்ளே நாலு பேர் கிறிஸ்துமஸ் என்று கத்திக்கொண்டு. டிசம்பரில் வந்தது, ஐந்து வாரம் முதலிடம். பிரிட்டனில் எண்ணெய்த் தட்டுப்பாடு, வேலைநிறுத்தம், மின்வெட்டு என்று இருட்டடித்த குளிர்காலம் அது. ஜனங்களுக்கு அந்தப் பாட்டு தேவைப்பட்டது. அதனால் அந்தப் பாட்டை நான் வெறுக்கவில்லை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நவம்பரில் பால் அடுக்குக்குப் பக்கத்தில் போடுவதைத்தான் வெறுக்கிறேன்.

ஒன்றை விட்டுவிட்டேன், ஜிம் லீயின் வயலின்! முதல் முதலிடமே அதனால்தான். 'காஸ் ஐ லவ் யூ'வில் சத்தத்துக்கு நடுவே வயலின் கிழித்துக்கொண்டு வரும். அது இல்லாமல் அந்தப் பாட்டு இல்லை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் திரும்ப வரும்.

இறங்குமுகம் எப்படி வந்தது? பாட்டு கெட்டுப்போனதால் இல்லை, இதை நான் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன். 1975இல் அவர்கள் நடித்த ஒரு படம் வந்தது, 'ஸ்லேடு இன் ஃப்ளேம்'. ரசிகர்கள் கூத்தும் கும்மாளமும் எதிர்பார்த்துப் போனால், திரையில் ஒரு குழுவை மேனேஜர்கள் பிடுங்கித் தின்பதும், நண்பர்கள் முறைத்துக்கொண்டு பிரிவதும். பையன்கள் பயந்துபோனார்கள். அதில் வருகிற 'ஹவ் டஸ் இட் ஃபீல்', பியானோவில் தொடங்குகிற பாட்டு, என் கணக்கில் இவர்கள் செய்ததிலேயே உயர்ந்தது. பதினைந்தாம் இடத்தோடு நின்றுவிட்டது. ஐம்பது வருடம் கழித்து, 2025 மே மாதம் அந்தப் படத்தைப் புதுப்பித்து மறுபடி திரையரங்கில் போட்டார்கள். இப்போது எல்லோரும் புகழ்கிறார்கள்.

படம் வந்த வருடமே அமெரிக்காவைப் பிடிக்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள். ஏறக்குறைய இரண்டு வருடம். அமெரிக்கா பிடிபடவில்லை, இங்கே ஆள் இல்லை. திரும்பி வந்தால் பங்க் என்கிற புது முரட்டு ராக் வந்துவிட்டது. 1977இல் வந்த ஆல்பத்துக்கு ஸ்லேடுக்கு என்ன ஆயிற்று என்றே பெயர் வைத்தார்கள். அதில் கிதார் எப்படி இரைகிறது தெரியுமா! பட்டியலுக்குள்ளேயே நுழையவில்லை. டேவ் தன் ரோல்ஸ் ராய்ஸைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

1980 ஆகஸ்ட், இங்கிலாந்தின் ரெடிங் இசை விழா. மெட்டல் பாடகர் ஓசி ஆஸ்பர்ன் கடைசி நேரத்தில் வரவில்லை, ஸ்லேடைக் கூப்பிட்டார்கள். டேவ் வரமாட்டேன் என்றே சொல்லிவிட்டார், சேண்ட்லர் பேசிச் சரிக்கட்டினார். ஹெவி மெட்டல் கூட்டம், பழைய கிளாம் ஆட்களை விரட்டிவிடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். கூட்டம் தூக்கி வைத்துக் கொண்டாடியது. ஆகஸ்ட் வெயிலில் கிறிஸ்துமஸ் பாட்டையும் கூட்டமே பாடியது! ஆகஸ்டுக்கு நான் சம்மதிக்கிறேன், அது அன்பு.

அப்புறம் 1983. அமெரிக்காவில் குவயட் ரயட் என்று ஒரு குழு 'கம் ஆன் ஃபீல் தி நாய்ஸ்' பாட்டை எடுத்துப் பாடியது. ஸ்லேடு பாடியபோது அங்கே 98ஆம் இடம். இவர்கள் பாடி ஐந்தாம் இடம். அதே பாட்டு, அதே கத்தல்! அதனால் கதவு திறந்து, அடுத்த ஆண்டு ஸ்லேடின் 'ரன் ரன்அவே' அங்கே முதல் இருபதுக்குள் போனது. அந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? வயலின்! சொன்னேன் அல்லவா, திரும்ப வரும் என்று. ஆனால் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கின கையோடு ஜிம்முக்கு உடம்பு முடியாமல் போய் எல்லாம் ரத்து. 1992இல் நாடி விலகினார். டேவும் டானும் ஸ்லேடு டூ என்று ஊர் ஊராகத் தொடர்ந்தார்கள், 2020இல் அவர்களும் பிரிந்தார்கள். இதற்கு நடுவில் ஒயேசிஸ் குழுவும் அந்த 'கம் ஆன் ஃபீல் தி நாய்ஸ்' பாட்டைப் பாடியாயிற்று.

வியாழன் இரவு, மரத்தில் செய்த பல்குத்தும் குச்சி. பூதக்கண்ணாடி, மேசை விளக்கு. அந்த இடத்தில் கோட்டுக்குள் கறுப்பாக ஒரு மணல் அளவு ஏதோ உட்கார்ந்திருக்கிறது. கீறல் மட்டும் இல்லை, அழுக்கும்! குச்சி முனையைத் தண்ணீரில் தொட்டு, கோட்டின் போக்கிலேயே, குறுக்கே போகவே கூடாது, மெல்ல மெல்ல இருபது நிமிடம். கழுத்து போய்விட்டது. ஊசியை வைத்தேன். அமைதி வந்தது. சின்னதாக ஒரு டிக். ஏப்பம்! கூட்டம் சிரிக்கிறது! நள்ளிரவில் நான் கத்தின கத்தில் மாடியில் விளக்கு எரிந்தது.

அந்த அம்மா சொன்னதைச் சொல்லாமலே முடிக்கப் பார்த்தேன் பாருங்கள். பதினான்கு வயதில் சனிக்கிழமை வேலை பார்த்துச் சேர்த்த காசில் அவரே வாங்கின ரெக்கார்டு இது. அவர் அப்பாவுக்கு அந்த ஏப்பம் ஆகவே ஆகாது. அது வரப்போகிறது என்று தெரிந்தால் பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து ஊசியைத் தூக்கிவிடுவாராம், ஒவ்வொரு தடவையும்.

இதோ, கடைசியாக ஒரு தடவை போடுகிறேன். ஏப்பத்துக்கு முன்னால் அந்த டிக்கைக் கவனியுங்கள். அது போகவில்லை, இனிமேல் குச்சி வைத்துத் தோண்டப் போவதும் இல்லை.