உள்ளே உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேளுங்கள்

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன் அக்காமார்களே, ஆண்டு விழாப் பந்தலில் இடம் கிடைக்காமல் புளியமரத்தடியில் நிற்கும் ஊர்ப் பெரியவர்களே, வணக்கம்.

‘ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் தரத்தைச் சரியாகச் சொல்பவர்கள் பெற்றோரா, மாணவர்களா?’ இதுதான் தலைப்பு. பெற்றோரே என்று பேசிய அண்ணன் சொன்ன காரணங்கள் இவை: பெற்றோர் நாலு இடம் பார்த்தவர்கள், எதிர்காலத்தை யோசிப்பவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடத்தைச் சட்டமே அவர்களுக்குத்தான் தந்திருக்கிறது. நன்றாகத்தான் பேசினார், நானும் கை தட்டினேன். தட்டியது பேச்சுக்கு, வாதத்துக்கு இல்லை.

நாலு இடம் பார்த்தவர் யாரையாவது நிறுத்தி, “ஏங்க, யூனியன் ஸ்கூல் எப்படி?” என்று கேளுங்கள். “அது சரியில்லைங்க” என்பார். என்ன சரியில்லை? “பொதுவா சரியில்லைங்க.” அவ்வளவுதான். கடைசியாக எப்போது உள்ளே போனீர்கள் என்று கேட்டால், ஓட்டுப் போடப் போனேன் என்பார்!

அதே கேள்வியை ஏழாம் வகுப்புப் பெண்ணிடம் கேளுங்கள். “கணக்கு சார் சூப்பரா நடத்துவார். ஆனா ஆறாவதையும் எங்களையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சிடறாங்க, பாதி காதுலயே விழாது. அப்புறம், பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவைப் புடிச்சிட்டு நிக்கணும்.”

நடுவர் அவர்களே, ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும், பெண் பிள்ளைகளுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பெண் சட்டம் படித்தவள் இல்லை. ஆனாலும் அது எங்கே மீறப்படுகிறதோ அங்கே விரலை வைத்துவிட்டாள். கூடவே கணக்கு சாரைப் பாராட்டவும் மறக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லை என்று தெரிந்தால் நாளைக்கே வாங்கி மாட்டலாம். ‘பொதுவா சரியில்லை’ என்பதற்கு எந்தக் கடையில் போய் என்ன வாங்கி மாட்டுவது?

நம் பாலக்கோடு மண்டியில் தக்காளிப் பெட்டியின் மேல் வரிசையைப் பார்த்து விலை சொல்வார்கள். அடியில் எத்தனை நசுங்கிக் கிடக்கிறது என்பது பறித்து அடுக்கினவருக்குத்தான் தெரியும். பெற்றோர் பார்ப்பதும் மேல் வரிசைதான்: டை, ஷூ, வாசலில் வந்து நிற்கும் மஞ்சள் வேன்.

தண்ணீருக்கு வருகிறேன். நம் தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் காவிக் கறையோடு வளர்ந்தவர்கள் இந்தப் பந்தலிலேயே இருக்கிறார்கள். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013இல் தண்ணீர் வந்தது. பள்ளியில் தண்ணீர் வசதி உண்டா என்று பெற்றோரைக் கேட்டால், குழாய் இருக்கிறது என்பார்கள். எந்தக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர், எதில் போர் தண்ணீர், ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் டேங்கில் எதை நிரப்புகிறார்கள் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். குடிப்பது அவர்கள்தானே!

சாப்பாட்டுக்கும் அதே கதைதான். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியபோது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்று வகுத்தார்கள். ஊரே பாராட்டியது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் நடுநிலைப் பள்ளியில் என்ன ஆகும்? நாலாவது படிக்கும் தம்பி உட்கார்ந்து பொங்கல் சாப்பிடுவான். அவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்த அக்கா ஆறாவது. அவள் வராந்தாவில் நிற்பாள். அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலை, வீட்டில் ஆயா மட்டும். அவளுக்கு மட்டும் காலையில் பசிக்காதா? இந்தக் கேள்வியை நான் எந்தப் பெற்றோர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. ஆறாவது படிக்கிற பிள்ளைதான் கேட்டது.

சரி, எதிர்காலம். அண்ணன் அதில்தான் குரலை உயர்த்தினார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது, அடுத்த ஆண்டு பொறியியலுக்கும் வந்தது. அதற்கு எத்தனையாவது முதல் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்? ஆறாவது முதல். கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாவதிலிருந்துதான் கணக்கு. எதிர்காலத்தை யோசிக்கிற பெற்றோர் என்ன செய்கிறார்கள்? ஐந்தாவது முடிந்ததும் டி.சி. வாங்கித் தனியார் பள்ளியில் சேர்க்கிறார்கள்! எந்தப் படியில் ஏற வேண்டுமோ அந்தப் படியில் இறக்கிவிடுகிறார்கள். எட்டாவதில் எழுதும் படிப்புதவித் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். டி.சி.யோடு அதுவும் போயிற்று. “நான் இங்கியே படிக்கிறேம்மா” என்று அழுத பிள்ளையைத்தான் விவரம் தெரியாதவன் என்றார்கள்.

பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கடன் வாங்கி வேன் பீஸ் கட்டுகிறவருக்கு அக்கறை இல்லை என்று யார் சொல்ல முடியும்? மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதும் நிஜம். ஆனால் சட்டம் தந்திருப்பது உட்காரும் இடத்தை. போய் உட்கார்ந்து பேச விஷயம் வேண்டுமே! அந்த விஷயம் வீட்டிலேயே இருக்கிறது, சாயங்காலம் புத்தகப் பையோடு வருகிறது. “இன்னைக்கு என்ன மார்க்?” என்பதோடு விட்டுவிடுகிறோம்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். எனக்குப் பிறகு பெற்றோர் அணிக்காகப் பேச வரும் அக்காவுக்கு ஒரே ஒரு கேள்வி. அக்கா இதே ஊர், பிள்ளையும் இதே பள்ளி. இந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்பு இப்போது எந்த அறையில் நடக்கிறது? முன்வரிசையைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள் அக்கா, பிள்ளைகள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.