தூணில்லாத கூடம்

நேயர்களுக்கு வணக்கம்.

லிஸ்பனிலிருந்து வடக்கே பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் போனால் பத்தால்யா என்ற சின்ன ஊர் வரும். போர்ச்சுகீசிய மொழியில் இந்தப் பெயருக்குப் போர் என்றே பொருள். 1385 ஆகஸ்ட் 14 அன்று, பக்கத்தில் உள்ள அல்ஜுபரோட்டாவில் போர்ச்சுகல் மன்னர் முதலாம் ஜோவாவ், இன்றைய ஸ்பெயினில் இருந்த காஸ்தில் அரசின் படையை முறியடித்தார். ஜெயித்தால் மாதாவுக்கு மடம் கட்டுவதாக நேர்ந்திருந்தாராம். அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. நூறு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது.

உள்ளே தேவாலயத்தின் உயரம் 32 மீட்டர், அகலம் 22 மீட்டர். நுழைந்ததும் கழுத்து தானாக நிமிர்ந்துவிடுகிறது. ஆனாலும் என்னை அங்கே கட்டிப்போட்டது துறவிகள் கூடிப் பேசிய கூடம்தான்.

சதுரமான கூடம். ஒரு பக்கம் சுமார் 19 மீட்டர். மேலே நட்சத்திரம் போல விரியும் கல் கூரை. நடுவில் தாங்க ஒரு தூண்கூட இல்லை. கோதிக் எனும் இடைக்கால ஐரோப்பியப் பாணிக் கட்டடத்தில், விலா எலும்பு போல வளைந்தோடும் கல் விலாக்கள் கூரையின் பாரத்தைச் சேர்த்து வாங்கி ஓரங்களுக்கு இறக்கிவிடும். சரி, புரிகிறது. புரிந்த பிறகும் அதன் கீழே நிற்கும்போது நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. சென்ட்ரிங் பிரிக்கும் நாளில் கொத்தனார் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். இங்கே அந்த வேலைக்கு மரண தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்தக் கூரை 600 ஆண்டுகளாக நிற்கிறது. ஒரு மூலையில், விலா சுவரோடு சேரும் இடத்தில், அளவுகோல் பிடித்தபடி குந்தியிருக்கிறான் ஒரு சின்னக் கல் மனிதன். கட்டிய கலைஞரே அவர் என்கிறார்கள். அவரைத் தேடிக் கண்டுபிடிக்காமல் வெளியே வந்துவிடாதீர்கள்.

கூரைக்கு நேர் கீழே, முதல் உலகப் போரில் இறந்த பெயர் தெரியாத இரு வீரர்களின் கல்லறை. அந்த இடத்தில் யாருக்கும் குரல் உயர்வதில்லை.

அப்புறம், வெளியே வந்து சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். ஜோவாவின் மகன் துவார்த்தே மன்னர் தன் குடும்பக் கல்லறைக்காகத் தொடங்கிய எண்கோண மண்டபம் அங்கே இருக்கிறது. சுற்றி ஏழு சிற்றாலயங்கள். மன்னர் 1438-இல் இறந்தார். பின்னால் வந்தவர்களும் கட்டிப் பார்த்தார்கள், முடிக்கவில்லை. 1509-இல் கட்டடக் கலைஞர் மத்தேயுஸ் பெர்னாந்தஸ் முடித்த 15 மீட்டர் உயர வாசல் முழுமையாக நிற்கிறது. அதில் துவார்த்தே தனக்கென வைத்திருந்த வாசகத்தைத் திரும்பத் திரும்பச் செதுக்கியிருக்கிறார்கள். கிட்டே போனால், பூவேலைக்குப் பின்னால் கல்லைக் குடைந்து எடுத்திருப்பது தெரியும். அந்தக் குடைவுக்குள் நிழல் விழுந்து, பூக்கள் சுவரைவிட்டுத் தனியே நிற்கின்றன.

வாசலைத் தாண்டினால் வானம். கூரையைத் தாங்க எழுப்பிய பெரும் தூண்கள் பாதியில் நிற்கின்றன. பாரம் எந்த வழியாக இறங்கியிருக்கும் என்பதைக் கூடத்தில் ஊகிக்கத்தான் முடிந்தது. இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். நான் போன அன்று தூறல். துவார்த்தேயும் அரசி லியோனோரும் ஒரு சிற்றாலயத்துக்குள் நனையாமல் படுத்திருக்க, மண்டபத்தின் நடுத்தளம் முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது.