ஹெலன் மிரனுக்குப் பெயர் வாங்கித் தந்தது சின்னத்திரையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிரிட்டிஷ் நடிகை ஹெலன் மிரனை உயர்த்தியது வெள்ளித்திரையா, சின்னத்திரையா என்பது கேள்வி. எதிரணித் தோழி, மிரன் இரண்டாம் எலிசபெத் ராணியாக நடித்த 'தி குயின்' படத்துக்குக் கிடைத்த ஆஸ்கரைச் சொல்லி, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்றார். அந்த ஆஸ்கருக்கே வருகிறேன். முதலில் 1991.

அப்போது மிரனுக்கு வயது 45. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவில் தேறியவர். 'கால்' படத்துக்காக 1984-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதும் வாங்கியவர். மறுக்கவில்லை. ஆனால் சினிமா அவரை எப்படிப் பார்த்தது? 1969-இல் 'ஏஜ் ஆஃப் கன்சென்ட்' படத்தில் ஓவியருக்கு மாடலாக நிற்கும் இளம்பெண். அதற்கப்புறம் நடிப்பைவிட உடம்பைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. 1975-இல் டிவி பேட்டியாளர் பார்க்கின்சன் தன் பேட்டியிலேயே, இந்த உடலழகு நல்ல நடிகை என்ற பெயருக்கு இடைஞ்சலா என்கிற தொனியில் கேட்டார். மிரன் விடாமல் மடக்கினார். அந்தப் பேட்டியும் டிவியில்தானே வந்தது என்பீர்கள். ஆமாம். அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்ததும் டிவிதான்.

எப்படி? 1991-இல் ஐடிவி என்ற பிரிட்டிஷ் சேனலில் வந்த 'பிரைம் சஸ்பெக்ட்' போலீஸ் தொடர். எழுதியவர் லிண்டா லா பிளான்ட். கொலை வழக்கை விசாரித்த அதிகாரி மாரடைப்பில் இறந்துபோகிறார். அந்த வழக்கை எனக்குக் கொடுங்கள் என்று பெண் அதிகாரி ஜேன் டென்னிசன், அதாவது மிரன், கேட்கிறார். மேலே இருப்பவர்களுக்கு மனமில்லை. கீழே இருக்கும் ஆண்கள் முகம் கொடுத்தே பேசுவதில்லை. வந்த வேகத்தில் டென்னிசன் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? கொலையான பெண் இன்னார் என்று அவர்கள் எழுதி வைத்திருந்த பெயரே தப்பு! யாருக்கும் பிடித்தவளாக இருக்க வேண்டும் என்ற கவலையே இல்லாத ஒரு பெண்ணை மிரன் அங்கே நடித்துக் காட்டினார். வேலைதான் முக்கியம் என்று நிற்கிறாள். கூட வாழ்ந்தவனும் பிரிந்து போகிறான்.

2006 வரை ஏழு பாகங்கள். கடைசியில் குடிப்பழக்கம், சாகக் கிடக்கும் அப்பா, நெருங்கி வரும் ஓய்வு. ஒரே பாத்திரத்தோடு 15 வருடம் தானும் மூப்படைந்து நடிக்க எந்த இரண்டு மணி நேரப் படம் இடம் தரும்? பிரிட்டனின் பெரிய விருதான பாஃப்டா தொடர்ந்து மூன்று முறை சும்மாவா வந்தது?

சரி, ஆஸ்கர். 'தி குயின்' எங்கே பிறந்தது? 'பிரைம் சஸ்பெக்ட்' எடுத்த அதே கிரனாடா டிவி நிறுவனம்தான் அதையும் தயாரித்தது. இயக்கிய ஸ்டீபன் பிரியர்ஸ், எழுதிய பீட்டர் மோர்கன், பிரதமர் டோனி பிளேயராக நடித்த மைக்கேல் ஷீன், மூவரும் 2003-இல் 'தி டீல்' என்ற டிவி படத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள். தோழி கையில் ஏந்திக் காட்டிய விருது எங்கள் வீட்டுச் சமையலறையில் வெந்தது, நடுவர் அவர்களே!

2007-இல் ஒரே இரவில் இரண்டு கோல்டன் குளோப் வாங்கினார். ஒன்று அந்தப் படத்துக்கு. இன்னொன்று டிவியில் முதலாம் எலிசபெத்தாக நடித்ததற்கு.

எதிரணியில் அடுத்து வருபவர் எனக்கு ஒரே ஒரு பதில் சொன்னால் போதும். 1991-க்கு முன்னால், மனைவியாகவோ காதலியாகவோ இல்லாமல், முழுக் கதையையும் மிரன் தோளில் ஏற்றிய சினிமா எது? பெயரைச் சொல்லுங்கள்.