டீ மட்டும்தான்

நேயர்களே, வணக்கம்.

அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பது வருடம் உணவியல் வல்லுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அறை வாசலில் டயட்டீசியன் என்று பலகை இருக்கும். வருகிறவர்களுக்கு நான் 'சாப்பாட்டு டாக்டரம்மா'. டாக்டர் இல்லை, இல்லை என்று முதல் இரண்டு வருடம் சொல்லிப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு, உடல் எடை என்று சீட்டோடு வருகிறவர்களிடம் "நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிற வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டு எழுதுவதுதான் வேலை. நாளுக்கு முப்பது நாற்பது பேரிடம் இந்த ஒரே கேள்வி.

கேட்டுக் கேட்டு எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்று உண்டு. உணவில் கலோரி மறைந்திருக்கிறது என்கிறார்கள் இல்லையா? அது சாப்பாட்டுக்குள் மறைந்திருப்பதை விட நம் பேச்சுக்குள்தான் அதிகம் மறைந்திருக்கிறது. 'மட்டும்', 'சும்மா', 'கொஞ்சம்', 'வாய்க்கு' என்ற நாலு வார்த்தைக்குப் பின்னால் ஒரு வேளைச் சோறே பதுங்கிக்கொள்ளும்.

"சாப்பிட்டாச்சா?" என்று யாரையாவது கேளுங்கள். "இன்னும் இல்லை, டீ மட்டும்தான்" என்பார். விருந்தாளி வந்தால் "காபி சாப்பிடுங்க" என்கிறோம். அப்போது காபி சாப்பாடுதான். ஆனால் டயட்டீசியனிடம் கணக்குச் சொல்லும்போது அது சாப்பாடே இல்லை.

ஒரு ஆட்டோ ஓட்டுநர் என்னிடம் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், சர்க்கரையும் எடையும் இறங்கவில்லை. "காலையில மூணு இட்லி, மதியம் வீட்டுச் சோறு, ராத்திரி ரெண்டு சப்பாத்தி. இதுக்கு மேல என்னத்தைக் குறைக்கச் சொல்றீங்க டாக்டரம்மா?" கூட வந்த மனைவியும், "அவுக சாப்பிடவே மாட்டாக" என்று கண் கலங்கினார். கூட்டிப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மையானால், மனிதர் இளைத்துத் துரும்பாகியிருக்க வேண்டும். மூன்று மாதம் இதே கதை. மூன்று முறையும் அதே மூணு இட்லி, அதே ரெண்டு சப்பாத்தி.

ஒருநாள் பஸ் வேலைநிறுத்தம். ஆஸ்பத்திரி வாசலில் அவர் ஆட்டோதான் நின்றது, ஏறினேன். போகிற வழியில் மூன்று சக்கரத்துக்கும் காற்று பிடிக்க நிறுத்தினார். பக்கத்தில் டீக்கடை. "ஒரு நிமிஷம் டாக்டரம்மா." கடைக்காரர் இவரைப் பார்த்ததுமே கண்ணாடி டம்ளரில் சீனியைப் போட்டார். ஸ்பூனால் இல்லை, டப்பாவுக்குள் கிடக்கிற குட்டிக் கரண்டியால், குவியலாக ஒன்று, அப்புறம் பாதி. டிகாஷன், பால், மேலே நுரை. என்ன வேண்டும் என்று அவர் கேட்கவே இல்லை, இவரும் சொல்லவே இல்லை. நின்றபடியே நாலு மடக்கு. தட்டில் இருந்த மசால் வடையில் ஒன்று பேப்பரோடு கைக்கு வந்தது. அதை வண்டியோட்டிக்கொண்டே முடித்தார்.

"தம்பி, இது எத்தனையாவது டீ?" என்று கேட்டேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "விடிகாலைல ஸ்டாண்டுக்கு வந்ததும் ஒண்ணு. ரயில் வந்ததும் ஒண்ணு. ஸ்கூல் சவாரி முடிச்சு..." என்று விரல் விட்டார். விரல் விடும்போது ஹேண்டில்பாரில் ஒரு கைதான் இருந்தது, எனக்கு உயிரே போய்விட்டது. கடைசியில் ஏழு என்று வந்தது. வடை இரண்டு. "ஆனா அது சாப்பாடு இல்லையே டாக்டரம்மா" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். சாப்பாடு என்னவென்று கேட்டேன், சாப்பாட்டைச் சொன்னார். கேள்விதான் தப்பு.

கணக்கைப் பார்ப்போம். பேப்பர் வேண்டாம், விரலே போதும். ஒரு கிராம் சீனியில் 4 கலோரி, மாவுச்சத்திலும் புரதத்திலும் அதே 4, எண்ணெய், நெய் என்றால் 9. நாலு, நாலு, ஒன்பது. நூறு வருடத்துக்கும் முன்னால் ஆட்வாட்டர் என்ற அமெரிக்க வேதியியல்காரர் ஆளை ஒரு அறைக்குள் வைத்து, சாப்பாடு போட்டு, உடம்பிலிருந்து வெளிவருகிற வெப்பத்தை அளந்தார். அவர் கொடுத்துவிட்டுப் போன எண்கள்தான் இவை. டீக்கு வருவோம். கடை டம்ளரில் சீனி பத்து கிராம் என்று வைத்தால் 40. பால் எழுபது மில்லி, அது இன்னொரு 40. ஆகமொத்தம் 80. ஏழு டீ 560. இரண்டு வடையைச் சேர்த்தால் 750-ஐத் தாண்டும். ஓர் இட்லி ஏறக்குறைய 55. சாப்பாடே இல்லாத அந்தச் சாப்பாடு பதின்மூன்று, பதினாலு இட்லி! அவர் காலையில் உட்கார்ந்து சாப்பிட்டது மூன்று.

பதினாலு இட்லியைத் தட்டில் வைத்தால் வயிறு போதும் என்று சொல்லும். டீ அப்படியில்லை. மெல்ல வேண்டியதில்லை, நாலு மடக்கில் போய்விடுகிறது. திரவமாக உள்ளே போகிற கலோரியை வயிறு அவ்வளவாகக் கணக்கில் வைப்பதில்லை, அடுத்த வேளைச் சோறு அதே அளவில்தான் இறங்கும்.

இது நம் ஊர் ஆட்களின் கதை மட்டும் இல்லை. நியூயார்க்கில் "குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை இறங்கவே இல்லை" என்ற பத்துப் பேரை ஆய்வு செய்து 1992-இல் வெளியிட்டார்கள். அவர்கள் தினம் எழுதிக் கொடுத்த கணக்கு சராசரியாக ஆயிரம் கலோரி சுமார். உடம்பு செலவழித்ததை வைத்து அளந்தால் இரண்டாயிரம். பாதியைக் காணோம்! அந்த ஊரில் மசால் வடை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, இட்லி என்று சொன்னேனே. இட்லியைப் போல நல்ல பிள்ளை கிடையாது, ஆவியில் வெந்தது. ஆனால் தட்டில் அதன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? மிளகாய்ப் பொடியைக் குவித்து, நடுவில் ஒரு குழி பறித்து, நல்லெண்ணெயை ஊற்றுகிறோம். குழி நிறைந்தால் போதும் என்று கை நிற்காது, கரை உடைந்து வழிந்தால்தான் நமக்குத் திருப்தி. அந்தக் குழிக்கு இரண்டு டீஸ்பூன் பிடிக்கும், 80 கலோரி. ஒன்றரை இட்லி அந்தக் குழிக்குள் இருக்கிறது. தேங்காய்ச் சட்னியை மூன்று தரம் கேட்டு வாங்குகிறவர்களுக்குக் கணக்குச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. தேங்காய் நூறு கிராமுக்கு 350 சுமார். அது போதும், மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அமாவாசை, சஷ்டி என்று ராத்திரி 'பலகாரம்' சாப்பிடுகிறவர்களையும் சொல்ல வேண்டும். "இன்னைக்கு விரதம், சோறு தொட மாட்டேன், பலகாரம்தான்." பலகாரம் என்றால் என்ன? நெய் விட்ட ரவா உப்புமா, இல்லாவிட்டால் நாலு தோசை. என் மாமியார் அந்த வகை. அவர் விரதத்தைக் குறை சொல்கிற தைரியம் எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வார்த்தையைத்தான் சொல்கிறேன்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். "வெள்ளைச் சீனியை விட்டு ஒரு வருஷம் ஆச்சு" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, இனிப்பு பத்தாது என்று இரண்டு கரண்டி கூடப் போடுவார்கள். ருசி வேறு, மணம் வேறு, நானும் ஒத்துக்கொள்கிறேன். கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஜிகர்தண்டாவைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அதில் எதுவும் மறைந்திருக்கவில்லை. சுண்டிய பால், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம் என்று பட்டப்பகலில் நிற்கிறது. குடிக்கிறவர் தெரிந்தேதான் குடிக்கிறார். என் சண்டை ஒளிந்திருப்பதோடுதான்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? தராசு வாங்கி ஒவ்வொன்றையும் நிறுக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. சமையல் நடக்கிற வீட்டில் அது மூன்று நாள் நடக்கும். நான் சொல்கிற வழி ஒன்றே ஒன்று: மாத மளிகைச் சீட்டை எடுங்கள். என்னோடு வேலை பார்த்தவர்கள் என்னை 'மளிகைச் சீட்டு' என்றே கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். நாக்கு மறந்துவிடும், மளிகைச் சீட்டு மறக்காது.

சீட்டில் இரண்டே வரியைப் பாருங்கள், எண்ணெயும் சீனியும். வீட்டில் எத்தனை பேரோ அத்தனையால் வகுங்கள். மாதம் ஆளுக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்றால், நாளுக்கு முப்பது கிராம், ஏறக்குறைய 275 கலோரி. ஐந்து இட்லி. சீனி மாதம் ஆளுக்கு ஒன்றரைக் கிலோ என்றால், நாளுக்கு ஐம்பது கிராம், 200 கலோரி.

ஒரு அம்மா, "எண்ணெயே ஊற்ற மாட்டேன், தாளிக்கக் கொஞ்சம் காட்டுவேன், அவ்வளவுதான்" என்றார். 'காட்டுவேன்' என்பதைக் கவனியுங்கள், எண்ணெய்க்குச் சட்டியைக் காட்டுவது மாதிரி! அடுத்த தடவை சீட்டைக் கொண்டுவரச் சொன்னேன். நாலு பேர் வீடு. கடலை எண்ணெய் ஆறு லிட்டர், நல்லெண்ணெய் ஒன்று, நெய் அரைக் கிலோ. வகுத்தால் ஆளுக்கு நாளுக்கு 500 கலோரிக்கு மேல். அவருக்கே அதிர்ச்சி. "இம்புட்டும் எங்கே போகுது?" என்று என்னிடமே கேட்டார். கடைக்காரர் ஏமாற்றுகிறாரோ என்று கூட ஒரு நிமிடம் சந்தேகப்பட்டார். அப்புறம் அவரே ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். தோசைக்குச் சுற்றி விடுவது, பிள்ளைக்குத் தினம் உருளைக்கிழங்கு வறுவல், ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் மேலே மிதக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்வது, அப்பளம். அப்பளம் பொரித்த எண்ணெயைக் கொட்ட மனசு வராமல் மறுநாள் புளிக்குழம்பில் சேர்ப்பது. "அப்ப அதெல்லாம் நாங்கதான் குடிச்சிருக்கோம்" என்றார். அப்பளத்தைச் சுட்டுச் சாப்பிடுங்கள் என்றேன். பொரித்தால் அதன் கலோரி ஏறக்குறைய இரட்டிப்பாகும். அவர் வீட்டுக்காரர் அதற்கு மட்டும் சம்மதிக்கவில்லையாம். சரி, வறுவலைக் குறைத்தார்கள்.

சீனிக்கு ஒரு அளவு சொல்கிறேன், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது: நாம் சேர்க்கிற சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஐந்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. பழத்திலும் பாலிலும் இயல்பாக இருப்பது இதில் சேராது, தேனும் நாட்டுச் சர்க்கரையும் சேரும். 2000 கலோரி ஆளுக்கு ஐந்து சதவீதம் என்பது நாளுக்கு 25 கிராம், மாதத்துக்கு முக்கால் கிலோ. நம் ரேஷன் கடையில் அரிசி கார்டுக்கு ஆளுக்கு அரைக் கிலோ சீனி. யோசித்துப் பாருங்கள், ஜெனீவாவில் உட்கார்ந்து போட்ட கணக்குக்குள் நம் ரேஷன் சீனி கச்சிதமாக அடங்கிவிடுகிறது. அது பத்தாது என்று வெளியே வாங்குவதில்தான் விஷயம். வெளியே குடிக்கிற டீ சீட்டில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு அந்த ஆட்டோ தம்பி மாதிரி விரல்தான். அவர் டீயை விடவில்லை. ஏழு ஏழுதான், "சீனி கம்மி" என்று சொல்லப் பழகினார், வடையை நிறுத்தினார். ஆறு மாதத்தில் நாலு கிலோ இறங்கியது. கடைக்காரருக்குத்தான் முதல் வாரம் கை பழகவில்லையாம்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இன்னும் இரண்டே நிமிடமாம். பாக்கெட் உணவைப் பற்றித் தனியாக ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், டீக்கடையில் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன் போல. ஓட்டமாகச் சொல்கிறேன். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1918-இல் நம் குன்னூரில் ஒரே அறையில் ஆரம்பித்ததுதான் அது, 2024-இல் 17 அறிவுரை வெளியிட்டது. அதில் ஒன்று லேபிளைப் படியுங்கள் என்பது. பாக்கெட்டின் பின்னால் கலோரி பெரும்பாலும் நூறு கிராமுக்கு இவ்வளவு என்று இருக்கும், பாக்கெட் எத்தனை கிராம் என்று அதோடு சேர்த்துப் பாருங்கள். பாலில் கலக்கும் மாவு டப்பாக்களில் 'ஹெல்த் ட்ரிங்க்' என்ற பெயருக்கு நம் உணவுச் சட்டத்தில் அர்த்தமே கொடுக்கப்படவில்லை. அந்தத் தலைப்பில் இணையக் கடைகள் அவற்றை விற்கக் கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய அரசே சொன்னது. ஆவின் பாலிலும் நிறத்துக்கு நிறம் வித்தியாசம் உண்டு, நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் நாலரை, ஆரஞ்சில் 6. பிள்ளைகள் தட்டில் மிச்சம் வைத்ததை வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்கிற அம்மாக்கள், பாட்டிகள் பற்றியும் எழுதி வைத்திருந்தேன். நானும் அதில் ஒருத்தி. நேரம் இல்லை, தப்பித்தோம்.

சீட்டை மட்டும் இன்றே தேடி எடுங்கள். தீபாவளி மாதத்துச் சீட்டை எடுக்காதீர்கள், அது நியாயம் இல்லை. அதற்கு அடுத்த மாதத்தை எடுங்கள். வணக்கம்.