நைனாவின் காலை ஷிஃப்ட்டுக்கு 4:20 டிகாஷன்: டைமர் காபி மெஷினை இப்படித்தான் செட் செய்கிறேன்

வணக்கம் மக்களே. மணி இப்போது ராத்திரி ஒன்பதே முக்கால். திருவொற்றியூரில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நிற்கிறேன். பின்னால் கேட்கிற சத்தம் எண்ணூர் விரைவு சாலையில் போகிற கன்டெய்னர் லாரி. விடிய விடியப் போகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் பேசுகிறேன், அம்மா தூங்கப் போய்விட்டார்.

அம்மாவுக்காகத்தான் இந்த மெஷினே. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவோம். நைனாவுக்கு மணலியில் வேலை. காலை ஷிஃப்ட் ஆறு மணிக்குத் தொடங்கும், கம்பெனி பஸ் ஐந்து பத்துக்கு ரோட்டு முனைக்கு வந்துவிடும். அந்த வாரங்களில் அம்மா மூன்றே முக்காலுக்கு எழுந்து, தண்ணீர் கொதிக்க வைத்து, ஃபில்டரில் தூள் போட்டு, டிகாஷன் இறங்கும் வரை அந்த முக்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது முட்டி வலி வந்துவிட்டது. நான் எழுந்து போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நான் எழுந்தால் பாத்திரச் சத்தத்தில் அவரும் எழுந்து வந்துவிடுகிறார்.

ராத்திரியே டிகாஷன் இறக்கி வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நிறைய வீடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள், தப்பில்லை. ஆனால் ஆறு மணி நேரம் இருந்த டிகாஷனில் மணம் போய்விடும், திரும்பச் சூடு பண்ணினால் கசப்பு ஏறும். நைனா ஒரு வாய் குடித்ததுமே கண்டுபிடித்துவிடுவார். ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் டம்ளரில் பாதி அப்படியே இருக்கும். அம்மாவுக்கு அது தாங்காது.

சரி, மெஷினுக்கு வருவோம். இது சாதாரண டிரிப் காபி மேக்கர், டைமர் வைத்தது. கேமராவைக் கொஞ்சம் இறக்குகிறேன். பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. மேலே தூள் போடுகிற கூடை. கீழே கண்ணாடி ஜாடி, அது உட்கார்ந்திருக்கிற சூட்டுத் தட்டு. உள்ளே பம்ப் எதுவும் கிடையாது. தொட்டித் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே இறங்கி, சூடாக்கும் கம்பிக்குப் பக்கத்தில் போய்க் கொதிக்கிறது. அந்தக் கொதியின் குமிழ்களே தண்ணீரை மேலே தள்ளித் தூள் மேல் கொட்டுகின்றன. ஜாடியைச் சூடாக வைப்பதும் அதே கம்பிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உப்பு படிவதைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

முதலில் கரன்ட் விஷயம், ஏனென்றால் இதில்தான் நான் சிக்கினேன். என் மாமா பெண் அமெரிக்காவிலிருந்து வரும்போது ஆசையாக ஒரு மெஷின் வாங்கி வந்தாள். அது 120 வோல்ட். நம் வீட்டில் வருவது 230. அப்படியே சொருகினால் போச்சு. அதன் வாட்டைத் தாங்குகிற டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வாங்கி அதில் மாட்டினேன். காபி நன்றாகவே வந்தது, ஆனால் நேரம் மட்டும் நிற்கவில்லை. ராத்திரி எட்டரைக்குக் கடிகாரத்தைச் சரியாக வைத்து, காலை நாலரைக்கு டைமர் போட்டேன். மெஷின் ஓடியது ஆறு மணிக்கு மேல். நைனா அதற்குள் மணலிக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. அங்கே கரன்ட் ஒரு நொடிக்கு 60 தடவை அலைகிறது, இங்கே 50 தடவை. சில மெஷின்களின் கடிகாரம் அந்த அலையை எண்ணித்தான் நேரம் பார்க்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றுமே தவிர, அலையை மாற்றாது. அதனால் நம் ஊரில் அந்தக் கடிகாரம் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பத்து நிமிடம் பின்தங்கும். எட்டு மணி நேரம் ஓட வேண்டியது, ஒன்பது மணி 36 நிமிடம் எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டிலிருந்து யாராவது டைமர் மெஷின் வாங்கி வருகிறேன் என்றால் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று அடியில் எழுதியிருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது நான் வைத்திருப்பது இங்கேயே வாங்கியது, 900 வாட். சாதாரண 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டே போதும், நாலு ஆம்பியர்தான் இழுக்கும். ஆனால் நேராகச் சுவரில் இருக்கிற பாயின்ட்டில் சொருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில், மிக்ஸி கிரைண்டரோடு சேர்த்து வேண்டாம். நாம் தூங்கும்போது தானாக ஓடப் போகிற பொருள் இது. அப்புறம் இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்காதீர்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஃபேன், லைட்டுக்காக வைத்தது, 900 வாட்டைப் பெரும்பாலும் தாங்காது. மெஷின் ஓடுகிற நேரத்தில் கரன்ட் போனால் இன்வெர்ட்டரே மொத்தமாகக் கட் ஆகி ஃபேனும் நின்றுவிடும். இடமும் முக்கியம். மேலே மர அலமாரி இருந்தால் அடியில் வைக்க வேண்டாம், ஆவி அடித்து அடித்துப் பலகை ஊறிவிடும். கேஸ் அடுப்பிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

இனி கடிகாரம். இந்தப் பட்டனை அழுத்திப் பிடிக்கிறேன்... மணி மின்னுகிறது. இப்போது ராத்திரி ஒன்பது ஐம்பது. இங்கே ஓரத்தில் 'பி.எம்.' என்று சின்ன எழுத்து தெரிகிறதா? மாடலுக்கு மாடல் ஒரு புள்ளியாகவும் இருக்கும். இதைக் கவனிக்காமல் விட்டால் எல்லாமே வீண். முதல் வாரம் நான் கடிகாரத்தை ஏ.எம்.மில் வைத்துவிட்டேன். காலையில் மெஷின் அசையவே இல்லை. அம்மா அவசர அவசரமாக ஃபில்டரை எடுத்தார். சாயங்காலம் நாலு இருபதுக்கு மெஷின் தானாக ஓட ஆரம்பித்தது.

அடுத்து, ஓட வேண்டிய நேரம். 'ப்ரோக்' (PROG, அதாவது புரோகிராம்) என்று எழுதியிருக்கிற பட்டன். 4:20, ஏ.எம். இந்த அளவுத் தண்ணீருக்கு என் மெஷின் ஏழு நிமிடம் எடுக்கிறது. கடைசிச் சொட்டு இறங்க இன்னும் இரண்டு மூன்று நிமிடம். ஆக நாலரைக்கு ஜாடியில் டிகாஷன் இருக்கும். உங்களுக்கு எப்போது குடிக்க வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு 'ஆட்டோ' பட்டனை அழுத்த மறந்தால் ஓடாது. பெரும்பாலான மாடல்களில் நேரம் ஞாபகத்தில் இருக்கும், ஆனால் ஆட்டோவை ஒவ்வொரு ராத்திரியும் அழுத்த வேண்டும். விளக்கு எரிந்தால்தான் கணக்கு. இடையில் கரன்ட் போய் வந்தால் பல மெஷின்களில் கடிகாரம் 12:00 என்று மின்ன ஆரம்பிக்கும். அப்படி மின்னினால் அன்றைக்கு ஓடாது, மறுபடி எல்லாம் வைக்க வேண்டும். நான் படுக்கப் போகும் முன் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன். மழைக்காலத்தில் மட்டும், அம்மா சொன்னபடி, பழைய பித்தளை ஃபில்டரும் பக்கத்திலேயே கழுவித் தயாராக இருக்கும்.

டைமர் இல்லாத மெஷின் வைத்திருந்தால் டைமர் பிளக் போட்டும் செய்யலாம். ஆனால் அந்த மெஷினில் தட்டிப் போடுகிற சாதா ஸ்விட்ச் இருக்க வேண்டும். சோதித்துப் பாருங்கள்: தண்ணீர் ஊற்றி ஆன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, திரும்பச் சொருகுங்கள். தானாக ஓடினால் சரி. இல்லையென்றால் டைமர் பிளக் உதவாது.

இப்போது தூள். பொறுமையாகக் கேளுங்கள், எல்லோரும் இங்கேதான் ஏமாந்துபோய் மெஷினைப் பரணில் ஏற்றுகிறார்கள். இந்த மெஷின் பால் இல்லாத கறுப்புக் காபிக்காகச் செய்தது. அவர்கள் கணக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 55, 60 கிராம் தூள். அதில் பால் ஊற்றினால் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது டிகாஷன். ஜாடியில் இருக்கிற '2' என்ற கோடு இரண்டு டம்ளர் இல்லை. என் ஜாடியில் ஒரு கப் என்பது 150 மில்லி, ஆக இரண்டாவது கோடு 300 மில்லி. அதற்கு நான் 40 கிராம் தூள் போடுகிறேன். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் ஜாடியில் 220 மில்லி கிடைக்கும். மூன்று பேருக்குத் தாராளம். உங்கள் மெஷினில் '1-4 கப்' பட்டன் இருந்தால் அதை அழுத்துங்கள், தண்ணீர் மெதுவாக இறங்கிச் சாறு கூடுதலாக வரும்.

அளவைவிடப் பெரிய விஷயம் தூளின் பதம். நம் ஃபில்டர் தூள் நைசாக இருக்கும், சிக்கரி வேறு சேர்ந்திருக்கும். சிக்கரி தண்ணீரில் குழைந்து சல்லடைக் கண்களை அடைத்துவிடும். மேலே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும், கீழே இறங்காது, கூடை வழிந்து மேடை முழுக்க மண்டியாகிவிடும். எங்களுக்கு அப்படி ஆகியிருக்கிறது. துடைத்தது அம்மாதான், விடியற்காலையில். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது, யாருக்காக வாங்கினோமோ அவருக்கே வேலை வைத்துவிட்டோமே என்று. அதன் பிறகு தூள் அரைக்கிற கடையில் நின்று கேட்டு வாங்குகிறேன்: காபிக் கொட்டையில் பீபரி ரகம் பாதி, பிளான்டேஷன் ஏ ரகம் பாதி, அதோடு சிக்கரி 10 சதவீதம், கொஞ்சம் கரகரப்பாக அரைத்துக் கொடுங்கள் என்று. பாக்கெட் தூள் என்றால் அட்டையில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். காபி சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படியானால் கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாகவும் இருக்கலாம். அந்தத் தூள் இந்த மெஷினுக்கு ஆகாது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பித்தளை ஃபில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்குகிற முதல் டிகாஷனின் கெட்டி இதில் முழுதாக வராது. ஆனால் மணம் புதிதாக இருக்கும்.

தூளைக் கூடையில் போடும் முன் கூடை காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். நம்முடையது கடற்கரை ஊர், காற்றிலேயே ஈரம். ஈரக் கூடையில் ராத்திரி முழுக்கக் கிடந்தால் தூள் கட்டியாகி ஒரு மக்கின வாசனை வரும். அதனால் படுக்கப் போகும்போதுதான் போடுகிறேன். மூடியையும் அழுத்தி மூடுங்கள், எறும்பு, கரப்பான் தொல்லை தெரியும் அல்லவா. ஜாடி சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை என்றால் சொட்டை நிறுத்துகிற வால்வு திறக்காது, மறுபடி வழியும்.

தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு, வாயில் வைக்க முடியாது. கடலுக்கு இத்தனை பக்கத்தில் வேறு எப்படி இருக்கும்? வடசென்னைக்குக் கடல்நீரைச் சுத்திகரித்துக் கொடுக்க மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010-இல் ஆலை தொடங்கினார்கள், ஒரு நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் அளவு. நான் குடிநீர் வாரியம் கொடுக்கிற மெட்ரோ தண்ணீரோ கேன் தண்ணீரோதான் ஊற்றுகிறேன். போர் தண்ணீர் ஊற்றினால் சுவை கெடுவது மட்டுமில்லை. முதலில் சொன்னேனே அந்தச் சின்னக் குழாய், அதில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படியும். ஏழு நிமிடத்தில் முடிந்தது பத்து, பன்னிரண்டு என்று இழுக்கும், சத்தம் அதிகமாகும். அப்போது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) வாங்கி, அரை லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கரைத்து ஊற்றுங்கள். பாதி ஓடியதும் நிறுத்தி அரை மணி நேரம் விட்டு, மீதியை ஓட விடுங்கள். பிறகு வெறும் தண்ணீர் இரண்டு தடவை. தொட்டியில் பாலோ, டிகாஷனோ ஊற்றவே கூடாது. அந்தக் குழாயைக் கழற்றிக் கழுவ வழியே இல்லை.

பால் மட்டும் காலையில்தான் காய்ச்ச வேண்டும். ராத்திரியே சுடச்சுட ஃப்ளாஸ்கில் வைக்கலாமா என்றால், வேண்டாம். மெல்ல ஆறி வெதுவெதுப்பாக நிற்கிற பால் விடிவதற்குள் கெட்டுப் போகும். ராத்திரி காய்ச்சிய ஆரஞ்சு பாக்கெட் பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது. காலையில் மூன்று நிமிடம் அடுப்பில் வைத்தால் போதும்.

தண்ணீர் ஊற்றியாயிற்று. தூள் போட்டாயிற்று. ஆட்டோ... விளக்கு எரிகிறது. காலையில் பார்ப்போம்.

மணி 4:19. இருட்டில்தான் பிடிக்கிறேன், சத்தத்தைக் கேளுங்கள். ...க்ளிக். கேட்டதா? குடு குடு என்று தண்ணீர் ஏறுகிறது. வாசனை இப்போதே கூடம் வரைக்கும் போய்விட்டது.

நாலு முப்பத்திரண்டு. அம்மா இப்போதுதான் எழுந்து வருகிறார். முன்பெல்லாம் மூன்றே முக்காலுக்கு எழுந்தவர். பால் சூடாகிறது, நைனா குளித்துக்கொண்டிருக்கிறார். சூட்டுத் தட்டை அணைத்துவிட்டேன், டிகாஷன் அதிலேயே கிடந்தால் கடுகடுவென்று ஆகிவிடும். எனக்கான பங்கைச் சின்ன ஃப்ளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டேன்.

அம்மா, எப்படி இருக்கிறது? ...ம். இன்னும் ஒரு ஸ்பூன் தூள் போடலாமாம். சரி அம்மா, நாளைக்கு 45 கிராம்.