உங்கள் வண்டி பெட்ரோலில் கொடுங்கையூர் சாக்கடைக்கு என்ன வேலை?

வணக்கம் மக்களே! வடசென்னையில் ஒரு வீட்டில் காலையில் பாத்திரம் கழுவிய தண்ணீர், குளித்த தண்ணீர், கழிப்பறையில் ஊற்றிய தண்ணீர் எல்லாம் கொடுங்கையூர் போய்ச் சேர்கிறது. அதில் ஒரு பகுதி அங்கே சுத்தமாகி மணலிக்குப் போய், கச்சா எண்ணெயைப் பெட்ரோலாக்கும் ஆலையில் வேலைக்குச் சேர்கிறது. நம்ப முடியவில்லையா? வாங்க, பார்க்கலாம்.

வரலாறு ஒரே வரியில்: மணலி ஆலை 1969இல் ஓடத் தொடங்கியது, அன்று மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்று சிபிசிஎல் (சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்), ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது.

சரி, எண்ணெய் ஆலைக்கு எதற்குத் தண்ணீர்? கச்சா எண்ணெயில் இருக்கும் உப்பைக் கழுவ வேண்டும். பாய்லரில் நீராவி வேண்டும். ஆனால் தண்ணீரை அதிகம் குடிப்பது, ஆலையின் சூட்டை வாங்கி வரும் நீரைக் குளிர வைக்கும் கோபுரம், அதாவது கூலிங் டவர்தான்.

[திரையில்: கூலிங் டவரின் மேல் வெள்ளைப் புகை]

இதைப் புகை என்று நினைத்திருப்பீர்கள். இது வெறும் நீராவி! நம் வீட்டு மண்பானை செய்யும் அதே வேலைதான். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது இல்லையா? டவரிலும் 1 லிட்டர் ஆவியாகிப் போனால், மிச்சமிருப்பதில் 50 லிட்டருக்கும் மேல் 10 டிகிரி குளிர்ந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

பானையின் வெளிப்பக்கம் நாளாக ஆக வெள்ளையாக உப்புப் பூக்கும், பார்த்திருக்கிறீர்களா? தண்ணீர் மட்டும்தான் பறக்கும், உப்பு பறக்காது. டவரிலும் அப்படித்தான். சுற்றச் சுற்ற உப்பு ஏறும், குழாயில் படியும். அதனால் கொஞ்சம் நீரை வெளியே விட்டுவிட்டுப் புதிய நீர் சேர்க்க வேண்டும். உப்பு மூன்று மடங்கு ஏறியதுமே வெளியே விட வேண்டியிருந்தால், ஒவ்வொரு 100 லிட்டர் ஆவிக்கும் 50 லிட்டர் வீணாகும். ஆறு மடங்கு வரை தாங்கினால் 20 லிட்டர்தான். அதாவது, உள்ளே விடும் நீரில் உப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு மிச்சம்.

இங்கேதான் கொடுங்கையூர் ஜெயிக்கிறது. சாக்கடை நீரை அப்படியே விட்டால் குழாயில் பாசி பிடிக்கும், அம்மோனியா செம்புக் கலவைக் குழாய்களை அரிக்கும். ஆனால் வழக்கமான சுத்திகரிப்பு முடிந்து, நுண்வடிகட்டிகளைத் தாண்டி, கடைசியில் ஆர்ஓவும் முடிந்து வரும்போது பல ஊர் போர் தண்ணீரைவிட உப்பு குறைவாக இருக்கும். 2019இல் தொடங்கிய இந்தக் கொடுங்கையூர் நீர் சுத்திகரிப்பு ஆலையின் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். கோயம்பேட்டிலும் இதே அளவில் இன்னொன்று இருக்கிறது. அது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு.

அதே 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர் வீதம் குடிநீர் வந்தது. குடத்தோடு மக்கள் வரிசையில் நிற்கும்போது ஏரித் தண்ணீரைக் கூலிங் டவரில் ஊற்றுவது அநியாயம் என்பது என் கருத்து. கோடையில் ஏரி வற்றும். ஊரில் மக்கள் இருக்கும்வரை சாக்கடை வந்துகொண்டேதான் இருக்கும். நிலத்தடி நீரை எடுக்கலாமே என்றால், மீஞ்சூர் பக்கம் அளவில்லாமல் உறிஞ்சித்தான் கடல் நீர் உள்ளே புகுந்தது.

அப்புறம் இன்னொரு விஷயம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குள்ளேயே அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு கழிவுநீர் வரும். நீராவி செலுத்தி அந்த நாற்ற வாயுவைப் பிரித்துவிட்டு, மிச்ச நீரை அடுத்து வரும் கச்சா எண்ணெயின் உப்பைக் கழுவ அனுப்புவார்கள். கழுவும்போது அந்த நீரில் இருக்கும் ஃபீனால் என்ற நச்சு வேதிப்பொருளில் பெரும்பகுதியை எண்ணெய் இழுத்துக்கொள்ளும். ஒரே வேலையில் இரண்டு லாபம்!

ஆர்ஓ என்றால் உப்பு செறிந்த கழிவும் மிஞ்சும். அதை எங்கே விடுகிறார்கள் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், குறிப்பாக மணலிக்குப் பக்கத்தில் கடலோரம் வாழும் எண்ணூர் மக்களுக்காக.

உங்கள் ஊர் தொழிற்சாலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஏரியா, போரா, டேங்கர் லாரியா? ஊர் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். அதிகம் பேர் சொல்லும் ஊரை அடுத்த வீடியோவில் எடுத்துக்கொள்கிறேன்.